கணித மேதை ராமானுஜத்துக்கு வந்தது டி.பி. தானா?

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயிலில் குரோம்பேட்டை தாண்டினால் சானட்டோரியம் வரும். தினமும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். அந்த ஸ்டேஷனுக்கு அப்படி ஒரு பெயர் வந்தது அங்குள்ள டி.பி. ஆஸ்பத்திரியால்தான். 1928-ம் ஆண்டு 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து.

அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பு இதே டாக்டர் இங்கிலாந்தில் ஒரு சானட்டோரியம் நடத்திக் கொண்டிருந்தார். அங்கே அவரிடம் ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். கும்பகோணத்துக்காரர். வயது 29. கணக்கில் உலகமே வியந்த புலி.

அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

அவர் டி.பி. வந்து செத்துப் போனார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால், அவருக்கு வந்தது டி.பி. தானா என்பதே இன்று சந்தேகமாக இருக்கிறது.

குமாஸ்தா மகன்

ராமானுஜம் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி. வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார்.

2 வயதில் அம்மை வார்த்தது. பிழைத்துக் கொண்டார்.

கணக்கில் நூற்றுக்கு நூறு. மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் காலேஜில் உதவிச் சம்பளம் போயிற்று. 1906-ம் ஆண்டு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வயிற்றுக் கடுப்பு பிடித்தது. சாதாரணக் கடுப்பு அல்ல. படிப்பை நிறுத்திவிட்டு 3 மாதம் ஊரில் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. பரீட்சையிலும் தேறவில்லை.

இந்த வயிற்றுக் கடுப்பை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

1909-ல் ஜானகி அம்மாளுடன் கலியாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 10. அடுத்த வருடத் தொடக்கத்தில் ராமானுஜத்துக்கு விரை வீக்கம் வந்து ஒரு ஆபரேஷன் நடந்தது. வீட்டில் பணம் இல்லை. ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். இந்த ஆபரேஷனும் பிறகு ஒரு வம்பைக் கிளப்பியது.

மாதம் ரூ.30

வேலை தேடி அலைந்தார். கடைசியில் 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய் சம்பளம்.

ஆபீசில் தலைமைக் கணக்கர் நாராயண அய்யரும் கணக்குப் பைத்தியம். அவரும் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இவரைத் தட்டிக் கொடுத்தார்கள். குமாஸ்தா வேலையில் இப்படி ஒரு மேலதிகாரி வாய்ப்பது அபூர்வம்தான்!

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜம் ஒரு கடிதம் எழுதினார். கடிதம் முழுக்கக் கணக்கு. ஹார்டி அசந்து போனார். உடனே வரச் சொன்னார்.

கடல் தாண்டினால் ஜாதியில் சேர்க்க மாட்டார்கள் என்று பயம். தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லி அனுப்பி வைத்தார். குடுமியை எடுத்தார்கள். கோட்டு, சூட்டு தைத்தார்கள்.

கப்பலில்

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் ராமானுஜம் சென்னையில் இருந்து புறப்பட்டார். ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அதே கப்பலில் இங்கிலாந்து திரும்பிக் கொண்டிருந்த இன்னொருவர் டாக்டர் சவுரிமுத்து. ஒருவர் டி.பி. டாக்டர். மற்றவர் கணக்கர். 3 ஆண்டு கழித்து டாக்டரும் நோயாளியுமாகச் சந்திக்கப் போகிறோம் என்று அப்போது இருவருக்குமே தெரியாது.

இப்போது இங்கிலாந்தில் 6 மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்கும் இந்தியர், புறப்படும் முன்பே நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, டி.பி. இல்லை என்று சர்டிபிகேட் வாங்க வேண்டும். 1914-ல் அப்படி எதுவும் கிடையாது. டிக்கெட் இருந்தால் கப்பல் ஏறலாம்.

டி.பி. கிருமியிடம் ஒரு குணம் உண்டு. உடம்புக்குள் புகுந்ததும் எல்லோரையும் படுக்க வைத்து விடாது. பலருக்கு உள்ளேயே தூங்கிக் கொண்டிருக்கும். கிருமி புகுந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். உடம்பு இளைத்துப் போனால், சரியான சாப்பாடு இல்லை என்றால் அது விழித்துக் கொள்ளும்.

அதனால் வெளிநாட்டில் போய் டி.பி. வந்தால், அது ஊரில் இருந்து கொண்டு போனதா, போன இடத்தில் ஒட்டிக்கொண்டதா என்று சொல்வது கஷ்டம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தும் டி.பி.க்குப் பேர் போன நாடுதான். போர் வந்ததும் அங்கே டி.பி. சாவு அதிகமாயிற்று.

கம்பளிக்கு மேலே

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் ராமானுஜத்துக்கு அறை கொடுத்தார்கள். கணக்கில் குறை இல்லை. ஹார்டியும் அவரும் சேர்ந்து எழுதியதை உலகம் இன்றும் படிக்கிறது. குறை எல்லாம் சோற்றிலும் குளிரிலும்தான்.

மரக்கறிக்காரர். கல்லூரி விடுதியில் சமையலில் என்ன கொழுப்பு சேர்க்கிறார்களோ என்று சந்தேகம். தன் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார். ஊரில் இருந்து பார்சல் வரும். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. கப்பல் போக்குவரத்து தாறுமாறானது. பால், காய்கறி கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று.

கணக்கில் உட்கார்ந்தால் சாப்பாடு மறந்து போகும். தொடர்ந்து 30 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, 20 மணி நேரம் தூங்குவார் என்று சொல்வார்கள். இப்படி இருந்தால் இரும்பு உடம்பும் தாங்காது.

குளிர் கொஞ்ச நஞ்சம் அல்ல. அங்கே படித்துக் கொண்டிருந்த வங்காளத்து மகலநோபிஸ் ஒரு நாள் பார்க்க வந்தார். இவர்தான் பிற்காலத்தில் இந்தியப் புள்ளிவிவரத் துறையை உருவாக்கியவர். ராத்திரி எல்லாம் குளிரில் நடுங்குவதாகவும், ஓவர்கோட்டு போட்டு, சால்வை போர்த்திக் கொண்டு படுப்பதாகவும் ராமானுஜம் சொன்னார். மகலநோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டு அப்படியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜத்துக்குத் தெரியாது. மேலேயே படுத்திருந்தார், பாவம்!

வீட்டில் இருந்து கடிதம் வருவதும் குறைந்து போயிற்று. ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

காய்ச்சல்

1917-ம் ஆண்டு வசந்த காலத்தில் ராமானுஜம் படுத்தார். கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ராத்திரியானால் காய்ச்சல். வயிற்றில் வலி. உடம்பு மெலிந்து கொண்டே போயிற்று.

வயிற்றில் புண் என்றார்கள் முதலில். பிறகு டி.பி. என்றார்கள்.

அந்தக் காலத்தில் டி.பி.யை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கிருமியை 1882-லேயே ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் கண்டுபிடித்து விட்டார். சளியில் அந்தக் கிருமி பூதக்கண்ணாடியில் தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால்தான் தகராறு. எக்ஸ்ரே இருந்தது. ஆனால் இன்று போல எல்லோருக்கும் எடுப்பது கிடையாது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது, காய்ச்சலைக் குறித்து வைப்பது, ஆள் இளைப்பதைப் பார்ப்பது, இவைதான் பெரும்பாலும் டாக்டருக்குத் துணை.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையை 1908-ல் பிரெஞ்சு டாக்டர் மாண்டூ கொண்டு வந்தார். போட்ட இடம் தடித்தால் கிருமி எப்போதோ உடம்பில் புகுந்திருக்கிறது என்று தெரியும். இப்போது படுக்கையில் கிடப்பது அதனால்தானா என்று தெரியாது. இன்றும் வெளிநாட்டில் போய் இந்த ஊசி போட்டுக் கொண்டு, கை தடித்ததும் நம்மவர்கள் பயந்து போகிறார்கள். கை தடித்தால் உடனே டி.பி. என்று அர்த்தம் இல்லை. சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டிருந்தாலும் தடிக்கலாம். அதற்குப் பிறகு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மலை மேலே

1917 அக்டோபரில் ராமானுஜத்தை மெண்டிப் மலையில் உள்ள சானட்டோரியத்துக்கு அனுப்பினார்கள். அதை நடத்தியவர்தான் கப்பலில் கூட வந்த டாக்டர் சவுரிமுத்து.

நம்ம ஊர் டாக்டர் ஆயிற்றே, அங்கேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் ராமானுஜம் அதிக நாள் தங்கவில்லை. அடுத்த மாதமே டெர்பிஷயரில் மாட்லக் என்ற ஊரில் இன்னொரு சானட்டோரியத்துக்குப் போய்விட்டார். அங்கே மாதக்கணக்கில் கிடந்தார்.

டி.பி.க்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை சானட்டோரியம்தான் வைத்தியம். அதாவது சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. காற்று வேண்டும் என்பதற்காக, பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்தே வைப்பார்கள். சாப்பாடு என்றால் பால், முட்டை, இறைச்சி.

இந்த மூன்றில் ஓய்வு ஒன்றுதான் ராமானுஜத்துக்கு ஒத்துக்கொண்டது. அதிலும் கணக்கு போடாமல் இருக்கச் சொன்னால் அவருக்கு அது ஓய்வே இல்லை!

குளிர் காய நெருப்பு கேட்டார். கொடுக்கவில்லை. கம்பளியைப் போர்த்திக் கொண்டே சாப்பிட்டார். அந்தக் கட்டடத்திலேயே கொஞ்சம் வெதுவெதுப்பான இடம் குளியல் அறைதான். பேனாவும் பேப்பரும் எடுத்துக் கொண்டு தினமும் அங்கே போய் உட்கார்ந்து கணக்கு எழுதப் போவதாக ஹார்டிக்குத் தெரிவித்தார். உலகப் புகழ் பெற்ற கணித மேதைக்குக் கிடைத்த ஆபீஸ் அதுதான்.

சாப்பாடு அதைவிட மோசம். முட்டை, இறைச்சி தொட மாட்டார். அவர்கள் பொரித்துக் கொடுக்கும் காய் வாயில் வைக்க முடியவில்லை. இங்கிலாந்தில் இருந்த ஒரு தமிழ் என்ஜினீயர் 1918 ஜூனில் பார்க்கப் போனார். கூடவே சில நாள் தங்கினார். ஆள் சாப்பிடாமலேயே உருகிப் போவதைக் கண்டு பதறிப்போய், ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். கடிதத்தில் பெரும் பகுதி சாப்பாட்டு விஷயம்தான்.

ரெயில் தண்டவாளம்

1918-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் லண்டனில் சுரங்க ரெயில் வரும் நேரத்தில் ராமானுஜம் தண்டவாளத்தில் விழுந்தார். நல்லவேளை, ரெயில் சில அடி தூரத்தில் நின்றுவிட்டது. காலில் காயம். தற்கொலை முயற்சி அப்போது அங்கே குற்றம். போலீசார் பிடித்துக் கொண்டு போனார்கள். ஹார்டி ஓடி வந்து பேசினார். வழக்கு போடாமல் விட்டார்கள்.

நோய் ஒரு பக்கம். தனிமை மறு பக்கம். பேச ஆள் இல்லை. ஊருக்குத் திரும்பவும் முடியாது. போர்க் கப்பல்கள் திரியும் கடலில் யாரை நம்பிப் போவது?

பாராட்டு மட்டும் குவிந்தது. அதே 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆனார். அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். வருடம் 250 பவுன். 30 ரூபாய் குமாஸ்தாவுக்கு!

கேன்சர் என்றார்கள்

டாக்டர்கள் மாறினார்கள். வியாதியும் மாறியது.

பேட்டி ஷா என்ற பெரிய டாக்டர் பார்த்தார். 1910-ல் நடந்த ஆபரேஷன் அவர் காதுக்குப் போயிற்று. அது வெறும் வீக்கம் அல்ல, கேன்சர் கட்டியாக இருக்கும், அது இப்போது கல்லீரலுக்குப் பரவி விட்டது என்று அவர் சொன்னார். கேன்சர் என்றால் ஆள் சில மாதத்தில் போயிருக்க வேண்டும். ராமானுஜம் போகவில்லை. அந்த முடிவும் கைவிடப்பட்டது. ரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறது என்றும் ஒரு பேச்சு எழுந்தது.

வயிற்றுப் புண், டி.பி., கேன்சர், ரத்த விஷம். 2 ஆண்டில் இத்தனை பெயர்.

லண்டன் புட்னி பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்த போதுதான் அந்தப் பிரசித்தி பெற்ற டாக்சி விஷயம் நடந்தது. பார்க்க வந்த ஹார்டி, தான் ஏறி வந்த டாக்சியின் நம்பர் 1729 என்றும், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றும் பேச்சு வாக்கில் சொன்னார். ராமானுஜம் படுக்கையில் இருந்தபடியே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக் கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார். 1-ன் கனமும் 12-ன் கனமும் கூட்டினால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் கூட்டினாலும் 1729. வீட்டில் பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

என்ன வியாதி என்று டாக்டர்களுக்குத்தான் தெரியவில்லை. நோயாளியின் மூளை தெளிவாகவே இருந்தது.

1918 நவம்பர் 11-ந் தேதி போர் நின்றது. சென்னைப் பல்கலைக்கழகமும் வருடம் 250 பவுன் தருவதாகச் சொன்னது. தனக்கு அவ்வளவு பணம் வேண்டாம், குடும்பச் செலவு போக மிச்சத்தை ஏழை, அனாதைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்று ராமானுஜம் பதில் எழுதினார்.

ஊர் திரும்பினார்

1919-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி நகோயா என்ற கப்பலில் ஏறினார். மார்ச் 27-ந் தேதி பம்பாய். துறைமுகத்துக்குத் தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். மனைவி வரவில்லை. எலும்பும் தோலுமாக இறங்கிய ராமானுஜம் முதலில் கேட்டது ஜானகி எங்கே என்றுதான்.

சென்னையில் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவில் தங்கினார். இன்றைய ராதாகிருஷ்ணன் சாலைதான் அது. ஜானகி அம்மாளும் வந்து சேர்ந்தார். கலியாணம் ஆகி 10 ஆண்டு ஆகியிருந்தாலும், இருவரும் மனம் விட்டுப் பேசிக் கொண்டது இந்தக் கடைசி ஒரு வருடத்தில்தான்.

வெயிலுக்குக் காவிரிக் கரையில் கொடுமுடிக்குப் போனார்கள். பிறகு கும்பகோணம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சந்திரசேகர் வந்து பார்த்தார். டி.பி.யில் கை தேர்ந்தவர். அவரும் டி.பி. என்றே சொன்னார். 1920 ஜனவரியில் மறுபடி சென்னைக்குக் கொண்டு வந்தார்கள்.

சேத்துப்பட்டு ஹாரிங்டன் ரோட்டுப் பக்கம் வீடு பார்த்தார்கள். அங்கே ஒரு வீட்டின் பெயர் கிரைனன்ட். கிரை என்றால் இங்கிலீசில் அழுகை. அபசகுனம் என்று ராமானுஜம் முகம் சுளித்தார். பக்கத்தில் கோமேத்ரா என்ற வீட்டுக்கு மாற்றினார்கள். சேத்துப்பட்டு என்ற பெயரையும் அவர் விடவில்லை. சட்டுப்புட்டென்று முடித்துக் கொள்ளத்தான் இந்தப் பேட்டைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று விளையாட்டாகச் சொன்னதாகச் சொல்வார்கள். வீட்டில் யார் சிரித்திருப்பார்கள்?

நெஞ்சு வலி, கால் வலி, விடாத காய்ச்சல். ஜானகி அம்மாள் வெந்நீர் போட்டு, துண்டை நனைத்து நனைத்து ஒத்தடம் கொடுப்பார். வலி கொஞ்சம் குறைந்தால் போதும். சிலேட்டும் பேப்பரும் கேட்பார். 1920 ஜனவரி 12-ந் தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதிலும் புதுக் கணக்குதான். சாவதற்கு 4 நாள் முன்பு வரை எழுதிக் கொண்டிருந்தார்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி காலை உயிர் பிரிந்தது. வயது 32.

கடல் தாண்டிப் போனவர் என்பதால் சாவுக்கு வந்த உறவினர்கள் குறைவு.

புதுச் சந்தேகம்

அவர் கடைசி வருடம் எழுதிய தாள்கள் எங்கே எங்கேயோ போய், 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடைத்தன. அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம். காய்ச்சலில் கிடந்தவர் எழுதியதா இது என்று கணக்கர்கள் வாயைப் பிளந்தார்கள்.

1994-ல் இன்னொரு பரபரப்பு. டாக்டர் யங் என்ற ஆங்கிலேயர், ராமானுஜத்தின் வியாதி பற்றிக் கிடைத்த குறிப்புகளை எல்லாம் திரட்டிப் படித்து, ராயல் சொசைட்டியின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது இதுதான்: ராமானுஜத்துக்கு டி.பி. அல்ல. கல்லீரலில் அமீபாக் கிருமி.

சென்னையில் 1906-ல் வந்த வயிற்றுக் கடுப்பு ஞாபகம் இருக்கிறதா? அது அமீபாக் கடுப்பாக இருக்கலாம் என்பது யங் கருத்து. அந்தக் கிருமி குடலில் இருந்து கல்லீரலுக்குப் போய் வருடக்கணக்கில் பதுங்கி இருக்கும். பிறகு ஒரு நாள் சீழ்க்கட்டி கட்டும். விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்றில் வலி, உடம்பு இளைப்பு எல்லாம் வரும். டி.பி. போலவே ஏமாற்றும்.

இதில்தான் வயிறு எரிகிறது. டி.பி.க்கு அன்று மருந்து இல்லை. அமீபாவுக்கு இருந்தது! கல்கத்தாவில் டாக்டர் லியனார்டு ரோஜர்ஸ் 1912-லேயே எமிட்டின் ஊசி போட்டுக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். அதற்கு 2 ஆண்டு கழித்துத்தான் ராமானுஜம் கப்பலே ஏறினார். பழைய ஆபரேஷனை விசாரித்து அதைக் கேன்சர் ஆக்கிய டாக்டர்கள், சென்னை வயிற்றுக் கடுப்பையும் கொஞ்சம் விசாரித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். நோயாளியும் ஊரில் வந்த சின்ன வியாதியைப் பெரிதாக நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். வெளியூர் டாக்டரிடம் போகும்போது பழைய வியாதியை யார் முழுசாகச் சொல்கிறோம்?

யங் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. சளியும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் 74 ஆண்டுக்குப் பிறகு யாரும் அடித்துச் சொல்ல முடியாது. டி.பி. கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. சந்திரசேகர் சாமானிய டாக்டர் அல்ல.

சேத்துப்பட்டிலேயே

டாக்டர் சவுரிமுத்து இந்தியா திரும்பி, 1928-ல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் சானட்டோரியம் தொடங்கினார். அன்று அது காட்டுப் பக்கம். காற்று நன்றாக வரும். 1937-ல் அரசாங்கம் எடுத்துக் கொண்டது. லட்சக்கணக்கான ஏழைகளுக்கு அது உயிர் கொடுத்தது.

ராமானுஜம் செத்துப்போன அதே சேத்துப்பட்டில் 1956-ல் டி.பி. ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். ஒரு பாதிப் பேரைச் சானட்டோரியத்தில் வைத்தார்கள். மறு பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கே அனுப்பினார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருடம்.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு. இடம் நெருக்கடி. ஓய்வும் இல்லை. ஆனாலும் அவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமாயிற்று! கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியானதும் உலக நாடுகள் எல்லாம் சானட்டோரியத்தைக் கைவிட்டு, வீட்டு வைத்தியத்துக்கு மாறின. ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் நடுங்க வேண்டாம். பிடிக்காத சாப்பாட்டை விழுங்க வேண்டாம். வீட்டுச் சோறு சாப்பிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்தது சேத்துப்பட்டுதான்.

ஜானகி அம்மாள் கணவர் போன பிறகு பம்பாயில் சகோதரர் வீட்டுக்குப் போய்த் தையல் கற்றுக் கொண்டார். பிறகு சென்னை திரும்பினார். திருவல்லிக்கேணியில் குடியிருந்து, தைத்துக் கொடுத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. பல வருடத்துக்குப் பிறகுதான் அது உயர்ந்தது.

ஒரு வருடம் முழுக்க ராமானுஜத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, ஒத்தடம் கொடுத்து, எடுத்துப் போட்டுச் செய்தவர் அவர். அவருக்கு டி.பி. வரவில்லை. அதை வைத்துக் கணவருக்கும் டி.பி. இல்லை என்று சொல்லிவிட முடியாது. டி.பி. நோயாளியோடு இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. யங்கின் கட்டுரை வெளியான அதே 1994-ம் ஆண்டு, ஏப்ரல் 13-ந் தேதி ஜானகி அம்மாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 95.